விமான நிலையத்தில் இறங்கியதும் செயலி வாடகைக் கார்: வணிகர்கள் அறிய வேண்டியவை

பட்டு நூலுக்குப் பெங்களூரும், ஜரிகைக்குச் சூரத்தும், ஆர்டர் பிடிக்க மும்பையும் கொல்கத்தாவும் போய் வருவது தேசூர், ஆரணி வட்டார வணிகர்களுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் ரயிலில் இரண்டு இரவு உட்கார்ந்து போன ஊர்களுக்கு இன்று இரண்டு மணி நேரத்தில் விமானத்தில் போகிறோம். டிக்கெட்டைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே எடுத்துத் தந்துவிடுகிறார்கள். ஆனால் விமானம் இறங்கி, பெட்டியையும் புடவைக் கட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு நகருக்குள் போய்ச் சேரும் அந்த ஒரு மணி நேரம்தான் நம்மில் பலருக்குச் சங்கடமாக இருக்கிறது. கைப்பேசியில் ஓலாவும் ஊபரும் இருக்கும். அதைத் திறந்து பார்க்கத் தயங்கி, வாசலில் "சார் டாக்ஸி, சார் டாக்ஸி" என்று கூப்பிடுகிறவர் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு ஏறிக்கொள்கிறோம். சிலர் இந்தத் தொல்லைக்காகவே பயணத்துக்கு ஒரு துணையையும் அழைத்துப் போகிறார்கள். அதற்கும் ஒரு விமான டிக்கெட் ஆகிறது.

இந்தச் செலவெல்லாம் கடைசியில் புடவை விலையில்தான் ஏறுகிறது, அல்லது நம் லாபத்தில் கழிகிறது. ஒரு பட்டுப் புடவையை மொத்தத்தில் கொடுத்தால் நமக்கு என்ன நிற்கிறது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று புடவையின் லாபத்தை ஒரு கார் சவாரியில் விட்டு வருவதற்கு வியாபாரப் பயணம் எதற்கு? ஆகவே இந்தச் செயலி வியாபாரம் எப்படி நடக்கிறது, அதில் விலை எப்படி ஏறுகிறது, நாம் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் இந்த நிறுவனங்கள் என்ன தொழில் செய்கின்றன என்று பார்ப்போம். ஊபர் 2009-இல் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்டு, 2013-இல் பெங்களூருக்கு வந்தது. ஓலா 2010-இல் மும்பையில் தொடங்கிய நம் நாட்டு நிறுவனம். நாம் ஏறும் கார்களில் பெரும்பாலானவை இவர்களுடையவை அல்ல. கார் ஓட்டுநருடையது அல்லது அவருக்குக் கார் கொடுத்திருக்கும் ஒரு முதலாளியுடையது. நிறுவனம் செய்வது தரகு. பயணியையும் காரையும் சேர்த்து வைத்துக் கமிஷன் எடுத்துக்கொள்கிறது. மண்டி வைத்து நடத்தும் நம் உறுப்பினர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை என்ன விலைக்குப் போயிற்று என்பது விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். மாட்டுச் சந்தையில் அப்படியல்ல. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத் தரகர் பேசுவார். இந்தக் கைக்கு என்ன சொன்னார், அந்தக் கைக்கு என்ன சொன்னார் என்பது அவர் ஒருவருக்கே வெளிச்சம். செயலியும் துண்டுக்கு அடியில் பேசும் தரகர்தான். நமக்கு ஒரு தொகை காட்டுகிறது, ஓட்டுநருக்கு ஒரு தொகை காட்டுகிறது. இடையில் எவ்வளவு என்று இருவருக்கும் தெரிவதில்லை. இதனால் செயலியே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். அது காட்டும் தொகையை அரசு நிர்ணயித்த விலைபோல எண்ணிவிடக் கூடாது, அது ஒரு கொட்டேஷன் மட்டுமே என்றுதான் சொல்கிறோம். நூல் வாங்கும்போது ஒரே கடையில் விலை கேட்டு வாங்குகிறோமா?

விமான நிலையத்தில் இந்தத் தொகை ஏன் அடிக்கடி மாறுகிறது என்று பலரும் கேட்கிறார்கள். காலையில் 550 காட்டிய அதே வழிக்கு இரவில் 900 காட்டுகிறது என்பார்கள். காரணம் எளிது. இருபது நிமிடத்துக்குள் மூன்று நான்கு விமானங்கள் இறங்கினால் சில நூறு பேர் ஒரே நேரத்தில் கார் கேட்கிறார்கள். அப்போது கார்கள் குறைவாக இருந்தால் தொகையைக் கணினி தானாக ஏற்றுகிறது. ஆவணி, தை முகூர்த்தத்துக்கு முன்னால் நம் சரக்குக்கு நடப்பதும் இதுதானே. முகூர்த்தம் முடிந்தால் விலை இறங்குவதுபோல, அந்தக் கூட்டம் கலைந்ததும் இந்தத் தொகையும் இறங்கும். அவசரம் இல்லாதவர் ஒரு காபி குடித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் பெரும்பாலும் குறைந்திருக்கும். மழை பெய்தால் மட்டும் இந்த யோசனை பலிக்காது.

இந்த ஏற்றத்துக்கு ஒரு வரம்பும் உண்டு. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. 2025 ஜூலையில் வந்த புதிய நெறிகளில் இது இரண்டு மடங்காக உயர்த்தப்பட்டது. குறைத்தால் அடிப்படைக் கட்டணத்தில் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, ஒரு வழிக்கு அடிப்படைக் கட்டணம் 600 ரூபாய் என்றால் 300 முதல் 1,200 வரை காட்ட இந்த நெறி இடம் தருகிறது. அடிப்படைக் கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டியது மாநில அரசு. நெறிகளை நடைமுறைக்குக் கொண்டுவருவதும் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. சொந்தக் கார் வைத்து ஓட்டுகிறவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போய்ச் சேர வேண்டும் என்றும் அதே நெறிகள் சொல்கின்றன.

அரசு விலை நிர்ணயித்தால் கணக்கு எவ்வளவு சுலபம் என்பதற்குப் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். நம்மவர்கள் அதிகம் போகும் ஊரும் அதுதான். 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்த பிறகு, மெஜஸ்டிக்கும் சிக்பேட்டையும் அங்கிருந்து 35 கிலோமீட்டர் அளவில் ஆகிவிட்டன. கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் வாடகைக் கார்களுக்கும் செயலிக் கார்களுக்கும் ஒரே கட்டணம் என்று உத்தரவிட்டது. பத்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விலையுள்ள கார் என்றால் முதல் 4 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 24 ரூபாய். பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட பெரிய கார் என்றால் 130 ரூபாயும் 32 ரூபாயும். இரவு 12 முதல் காலை 6 வரை 10 சதவீதம் கூடுதல். ஜிஎஸ்டி 5 சதவீதமும் சுங்கச் சாவடிக் கட்டணமும் தனி.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிறிய காரில் 35 கிலோமீட்டர். முதல் 4 கிலோமீட்டருக்கு 100. மீதி 31 கிலோமீட்டருக்கு 744. ஆக 844. வரி 42 சேர்த்தால் 886 ரூபாய், சுங்கம் தனி. நள்ளிரவில் இறங்கினால் 844-க்கு 10 சதவீதம் கூட்டி வரியும் சேர்த்தால் 975 அளவில் வரும். பெரிய காருக்குப் பகலில் 1,178. இந்த மூன்று எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனால் போதும். செயலி 900 காட்டினால் ஏறிக்கொள்ளலாம். 1,500 காட்டினால் வேறு செயலியையும், விமான நிலையத்திலேயே வரிசையில் நிற்கும் டாக்ஸியையும் கேட்டுப் பார்க்கலாம். தனியாகவும் சுமை குறைவாகவும் போகிறவருக்குப் பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வாயு வஜ்ரா குளிர்சாதனப் பேருந்து உண்டு. நேரம் கூடுதலாகும், பணம் மிச்சமாகும்.

அடுத்து நம் சென்னை. மீனம்பாக்கத்தில் செயலிக் கார் முனைய வாசலுக்கு வருவதில்லை. வாசலில் வாகன நெரிசல் பெருகியதால், 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்துக்குப் போய்த்தான் ஏற வேண்டும். இது தெரியாமல் வாசலில் நின்றுகொண்டு "கார் வரவில்லையே" என்று ஓட்டுநரோடு கைப்பேசியில் சண்டை போடுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். ஏறுமிடம் எந்தத் தளம், எந்த வரிசை என்று செயலியிலேயே எழுதியிருக்கும். முனையத்திலிருந்து அங்கு செல்லப் பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன. பெட்டியோடு நடக்க இயலாதவர் அதற்குக் காத்திருப்பதே மேல். வயதானவர்களையும் சுமையோடு வருகிறவர்களையும் இவ்வளவு தூரம் அனுப்புவது சரிதானா என்ற கேள்வி நமக்கும் உண்டு. இதைப் பற்றி வணிகர் சங்கங்கள் சேர்ந்து எழுதினால் நல்லது.

விமானம் தரையைத் தொட்டவுடன் கார் பதிவு செய்வது பலருடைய வழக்கம். கைப்பையோடு மட்டும் வந்தவருக்கு அது சரி. பெட்டியைச் சரக்கில் போட்டவர் அப்படிச் செய்யக் கூடாது. பெட்டி வளையத்தில் வந்து சேர இருபது முப்பது நிமிடம் ஆகலாம். கார் வந்து நின்றால் சில நிமிடங்களுக்குப் பிறகு காத்திருப்புக் கட்டணம் ஓடத் தொடங்கும், அல்லது ஓட்டுநர் ரத்து செய்துவிடுவார். பெட்டி கைக்கு வந்து, ஏறுமிடத்தை நோக்கி நடக்கும்போது பதிவு செய்வதே முறை. ஓட்டுநர்கள் பக்கத்தில் ஓரிடத்தில் வரிசையில் காத்திருக்கிறார்கள். நாம் முந்திப் பதிவு செய்வதால் பெரிய லாபம் எதுவும் இல்லை.

சென்னையில் எல்லா வேலைக்கும் கார் வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விமான நிலைய மெட்ரோ ரயில் 2016 செப்டம்பரில் தொடங்கியது. 2019 பிப்ரவரியிலிருந்து நீல வழித்தடத்தில் வண்ணாரப்பேட்டை வரை வண்டி மாறாமல் போகலாம். சவுகார்பேட்டைக்கு வேலையாகப் போகிறவர் மண்ணடியில் இறங்கிக்கொள்ளலாம். தியாகராய நகருக்குத் தேனாம்பேட்டையிலோ நந்தனத்திலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். 2021 பிப்ரவரியில் கட்டணத்தைக் குறைத்தபோது, எவ்வளவு தூரமானாலும் அதிகபட்சம் 50 ரூபாய் என்று வைத்தார்கள். மாலை நேரத்தில் கிண்டியிலும் சைதாப்பேட்டையிலும் கார் நின்று நின்று போகும்போது மெட்ரோ நமக்கு முன்னால் போய்விடும். இரவு வெகு நேரம் கழித்து இறங்குகிறவருக்கு மட்டும் இது உதவாது.

பயணம் முடிந்து ஊர் திரும்புகிறவர் நகருக்குள் போகவே வேண்டியதில்லை. திண்டிவனம் பக்கம் செல்லும் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டுவிட்டது. விமான நிலையம் இருக்கும் அதே ஜிஎஸ்டி சாலையில் வண்டலூரைத் தாண்டினால் கிளாம்பாக்கம். பழைய நினைப்பில் கோயம்பேட்டுக்குக் கார் போட்டுப் போய், அங்கிருந்து மறுபடி கிளாம்பாக்கத்துக்கு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டு இல்லாதவர் எதிரிலுள்ள திரிசூலம் ரயில் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்து வண்டலூரில் இறங்கினாலும் ஆயிற்று.

மும்பைக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2025 அக்டோபரில் மூன்றாவது மெட்ரோ வழித்தடம் முழுவதும் திறக்கப்பட்டது. சத்ரபதி சிவாஜி மகாராஜ் விமான நிலையத்திலிருந்து பூமிக்கு அடியிலேயே காலபாதேவி வரை போகிறது. மூல்ஜி ஜேட்டா மார்க்கெட்டுக்குப் போகும் ஜவுளி வணிகருக்கு இதைவிட என்ன வேண்டும்? அதே மாதத்தில் நவி மும்பையில் இன்னொரு விமான நிலையத்தையும் திறந்து வைத்தார்கள். ஆகவே திரும்பி வரும்போது செயலியில் "மும்பை விமான நிலையம்" என்று தட்டுவதற்கு முன், டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மாறிப் போனால் விமானம் போய்விடும்.

இனி ஓட்டுநர்களைப் பற்றி. செயலிக் கார் என்றாலே "போன் செய்து எங்கே போகணும், கேஷா ஆன்லைனா என்று கேட்டுவிட்டு ரத்து செய்கிறார்கள்" என்ற குறை நம் கூட்டங்களில் எப்போதும் வருகிறது. குறை உண்மைதான். காரணமில்லாமல் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்று மேலே சொன்ன நெறிகளிலேயே இருக்கிறது. பயணிக்கும் அதே அபராதம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் ஓட்டுநர் பக்கத்துக் கணக்கையும் வியாபாரி பார்க்க வேண்டும். விமான நிலையத்தில் அவர் ஒரு சவாரிக்காகச் சில நேரம் இரண்டு மூன்று மணி நேரம் வரிசையில் கிடக்கிறார். அவ்வளவு நேரம் காத்திருந்து கிடைத்த சவாரி பக்கத்துப் பல்லாவரத்துக்கு என்றால் அன்றைய பிழைப்பு என்ன ஆகும்? ஆன்லைனில் பயணி கட்டிய பணம் நிறுவனத்துக்குப் போய், கமிஷன் கழிந்து, பிறகு இவர் கணக்குக்கு வருகிறது. டீசலுக்கோ கியாஸுக்கோ கையில் காசு வேண்டும். உதிரிச் சரக்கை ரொக்கத்துக்குக் கொடுக்க விரும்புகிற நாம், "கேஷா சார்?" என்று அவர் கேட்பதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது. சில செயலிகளில், குறிப்பாக ஆட்டோக்களுக்கு, கமிஷனை விட்டுவிட்டு நாளுக்கு இவ்வளவு என்று ஓட்டுநரிடம் சந்தா வாங்குகிறார்கள். பெங்களூரின் நம்ம யாத்ரி இந்த முறையைப் பின்பற்றியது. ஊபரும் 2025 பிப்ரவரியில் ஆட்டோக்களுக்கு இந்த முறைக்கு மாறியது. அப்படிப்பட்ட வண்டியில் பணம் நேரே ஓட்டுநர் கைக்கே போகிறது. நம் அனுபவத்தில், பதிவு ஆனவுடன் நாமே போன் செய்து, "தம்பி, இன்ன இடத்துக்குப் போகணும், ரொக்கமாகவே தந்துவிடுகிறோம், பெட்டி இரண்டு இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் ரத்து செய்கிறவர்கள் மிகக் குறைவு.

பாதுகாப்பு விஷயத்தில் செயலிக்கு ஒரு சிறப்பு உண்டு. எந்தக் கார், யார் ஓட்டுகிறார், எங்கே போகிறது என்பதெல்லாம் பதிவாகிறது. இது மட்டும் போதாது என்பதை 2014 டிசம்பரில் டெல்லியில் ஒரு பெண் பயணிக்கு நேர்ந்த கொடுமை நாட்டுக்கே காட்டியது. அதன் பிறகுதான் செயலிகளில் அவசரப் பொத்தானும், பயணத்தை வீட்டாரோடு பகிரும் வசதியும் பரவின. பகிரும் வசதியைத் தினமும் பயன்படுத்த வேண்டும். ஏறியவுடன் கடைக்கோ மகனுக்கோ அனுப்பிவிட்டால், கார் எங்கே போகிறது என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆபத்து என்றால் 112.

ஏறுமுன் நம்பர் பலகையைச் செயலியில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் வாடகைக் கார். மின்சார வாடகைக் காருக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோகக் கார், அதில் வாடகைக்கு ஏறக் கூடாது. சென்ற ஆண்டு வடநாட்டு நகரம் ஒன்றில் நாம் இறங்கியபோது, ஒருவர் நம் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, "உங்கள் கார் பழுதாகிவிட்டது, அவர்தான் என்னை அனுப்பினார்" என்று அழைத்தார். நம்பர் ஒத்துவரவில்லை. பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு நின்றோம். மூன்றே நிமிடத்தில் உண்மையான கார் வந்து சேர்ந்தது. எண் ஒத்து, உள்ளே உட்கார்ந்த பிறகுதான் நான்கு இலக்க ரகசிய எண்ணை ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி வேறு, இது வேறு. வங்கி எண்ணை ஓட்டுநர் உட்பட யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

பணத் தகராறு வந்தால் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். அங்கே போலி எண்கள் ஏராளம். "ரீஃபண்ட் தருகிறோம், இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று சொல்லிக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். புகாரைச் செயலிக்குள்ளேயே எழுத வேண்டும். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்குச் சொல்ல வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் வேறு வேறு கணக்குக்கு மாறிக்கொண்டே போகும்.

இறங்கும்போது வரிசை முக்கியம். முதலில் டிக்கி திறந்து கட்டும் பெட்டியும் வெளியே வர வேண்டும், அதன் பிறகுதான் பணம். நமதூர் வியாபாரி ஒருவர் பணத்தைக் கொடுத்துக் கதவைச் சாத்தியதும் கார் கிளம்பிவிட்டது. மாதிரிப் புடவைகள் பன்னிரண்டு டிக்கியிலேயே போயின. செயலியில் பழைய பயணத்தைத் திறந்தால் ஓட்டுநருக்குப் பேச வழி இருக்கும். அப்படிப் பேசி, அன்று மாலையே அந்த ஓட்டுநர் கட்டைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் கூப்பிட்டவர் காரில் ஏறியிருந்தால் அந்தக் கட்டு எந்த ஊரில் விலை போயிருக்குமோ!

பில் மின்னஞ்சலுக்கு வரும். அதில் கட்டணம், சுங்கம், நிறுத்துமிடக் கட்டணம், வரி என்று தனித்தனி வரிகள் இருக்கும். நிறுத்துமிடக் கட்டணத்தை ஓட்டுநர் தனியாகக் கேட்டால், செயலியில் காட்டும் விவரத்தில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று அவருக்கும் காட்டிவிட்டுப் பேசலாம். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் வாகன வாடகைக்குக் கட்டிய ஜிஎஸ்டியை நாம் வரவு எடுக்க இயலாது. ஆகவே மொத்தத் தொகையையும் பயணச் செலவிலேயே எழுத வேண்டும். மாதக் கடைசியில் தேடிக்கொண்டிராமல், ஊர் திரும்பிய அன்றே பில்லை அச்செடுத்துக் கணக்குப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் அவருக்கும் வேலை குறையும்.